பன்னிரண்டு புள்ளி ஒன்று

முதலில் பேட்டரியைத்தான் திட்டினேன்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
நாலு தவணையில் புதியது வாங்கிப் பூட்டினேன்.
மூன்றாம் நாள் இரவு
விமான நிலையச் சாலையில்
முன்விளக்குகள் மஞ்சளித்தன.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்தது.
வானொலியில் கால்பந்து வர்ணனையாளன்
கோல் என்று தொடங்கி
முடிக்காமலே போனான்.

பின்சீட்டில் பார்ரியா,
மீன் கிடங்கில் இரவு வேலைக்காரர், சொன்னார்:
"ஆல்டர்னேட்டர், நெலிதா.
மிச்ச எண்ணூறு மீட்டரை நடந்துவிடுகிறேன்."
வாடகையிலும் எண்ணூறு மீட்டரைக்
கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

மறுநாள்
காற்றுக்குப் பின்பக்கம் காட்டி வண்டியை நிறுத்தினேன்.
ரியோ காயேகோஸில்
காற்றைப் பார்த்து பானெட் திறந்தவர்கள்
அதைத் தேடி கடற்கரை வரை போக வேண்டும்.

ஓட்டுநர் இருக்கையில் மகள் யானினா,
மடியில் அல்ஜீப்ரா, பாதத்தின் கீழ் ஆக்ஸிலரேட்டர்.
எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர்
பதினாலு காட்ட வேண்டும்.
பன்னிரண்டு புள்ளி மூன்று.
"இன்னும் மிதி."
பன்னிரண்டு புள்ளி இரண்டு.
"இன்னும்."
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
"இது இறங்குவரிசை, அம்மா"
என்றாள், தலை நிமிராமல்.

நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும்.
அதற்குப் பத்தாம் எண் ஸ்பானர் வேண்டும்.
எப்போதும் பத்துதான் தொலையும்,
பதினேழை எவரும் திருடியதில்லை.
பெல்ட் வளைந்து போகும் வழியை
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் வரைந்துகொண்டேன்.
முன்பக்கம்: இரண்டாம் எச்சரிக்கை.

கீழ் போல்ட்டைக் கடலுப்பு
எஞ்சினுக்கே கட்டிக்கொடுத்திருந்தது.
எண்ணெய் பீச்சினேன்.
மாத்தேக்கு வெந்நீர் வைத்தேன்.
மூன்று சுற்று உறிஞ்சிவிட்டு வந்து
முழு உடம்பால் இழுத்தேன்.
ஸ்பானர் வழுக்கி முட்டி பெயர்ந்தது.
அப்போது நான் சொன்ன வார்த்தை
யானினாவுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.
முட்டியைவிட
அதுதான் வலித்தது.

வெளியே வந்தது,
ஈரம் காயாத ஆட்டுக்குட்டியின் எடையில்.
உள்ளே கார்பன் பிரஷ்கள்
பரீட்சை முடிந்த பென்சில்கள்.

பையில் போட்டு
பஸ்ஸில் வில்லேகாஸின் உடைப்புக் கிடங்குக்குப் போனேன்.
புதியது விலை கேட்கவே இல்லை,
கேட்டால் அதற்கும் காசு வாங்குவார்கள்.
"வெள்ளைக் கோர்சா ஒன்று கிடக்கிறது," என்றான் வில்லேகாஸ்.
"நெடுஞ்சாலையில் காற்று புரட்டிப் போட்டது.
கூரைதான் போச்சு, முன்பக்கம் முத்து."

டாஷ்போர்டில் தலையாட்டும் பச்சை நாய்.
அடையாளம் தெரிந்துவிட்டது:
லொங்கோனின் வண்டி.
இரண்டு வருஷமாக விமான நிலைய வரிசையில்
எனக்கு முன்னால் மூக்கை நுழைத்தவன்.
என் ஜெர்மன் தம்பதியை, பெட்டிகளோடு,
என் டிக்கியிலிருந்தே எடுத்துப் போனவன்.

நானே கழற்றினேன்.
பழையதைக் கொடுத்து, பேரம் பேசி,
பாதி விலைக்கு.
நாய் சம்மதமாகத் தலையாட்டியது.
காற்றாகவும் இருக்கலாம்.

வீட்டில் எல்லாம் தலைகீழ் வரிசையில்:
போல்ட், வயர், பெல்ட், கடைசியாக நெகட்டிவ்.
ரசீதில் வரைந்த படம் சரியாகத்தான் இருந்தது,
நான்தான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.
இருட்டிவிட்டது.
பதினாலு புள்ளி இரண்டு.
"எல்லாவற்றையும் போடு!"
விளக்கு, ஹீட்டர், வைப்பர், வானொலி.
பதிமூன்று புள்ளி ஒன்பது.
நின்றது.
யானினா புத்தகத்தை மூடிவிட்டு
எட்டிப் பார்த்தாள், முதல் முறையாக.

ஒரே ஒரு குறை,
இரண்டாம் கியரில் மெல்லியதாக ஒரு கீச்சொலி.

வெள்ளிக்கிழமை விமான நிலைய வாசல்.
கட்டுப் போட்ட கையோடு லொங்கோன்
எம்பனாடா விற்றுக்கொண்டிருந்தான்.
நான் வளைவில் திரும்பியதும்
கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
தலையைத் திருப்பினான்.

கண்ணாடியை இறக்கினேன்.
"இரண்டு கொடு."
ஒற்றைக் கையால் சில்லறை எண்ணிக்கொண்டே
பானெட் பக்கம் காதைச் சாய்த்தான்.
"நாற்பதைத் தாண்டினால் கொஞ்சம் அழும்," என்றான்.
"பழகிவிடும்."